ஸ்ட்ராட் வடிவம், ஆளுக்கொரு கைவண்ணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த உருவம் தெரியும். மேலே நீண்ட கொம்பு, கீழே குட்டைக் கொம்பு, நடுவில் ஒடுங்கிய இடுப்பு. 1954-இல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது, சுருக்கமாக ஸ்ட்ராட். இந்த எழுபது ஆண்டுகளில் அந்த உருவத்தைத் தொட்டுப் பார்க்காத கிட்டார் நிறுவனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அச்சு அசலாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எடுத்துத் தங்கள் கைக்கேற்பச் செதுக்கியவர்கள் உண்டு. கொம்பை மட்டும் கூராக்கிவிட்டுப் புதுசு என்று விற்றவர்களும் உண்டு. இதைப் பற்றி நண்பர்களும் புதிதாக வாசிக்க வந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அந்த வடிவம் அழகுக்காக வந்ததா, வசதிக்காகவா?

வசதிக்காக. அழகு கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

அதற்கு முன் ஃபெண்டர் விற்றுக்கொண்டிருந்தது டெலிகாஸ்டர். தட்டையான பலகை, விளிம்பெல்லாம் முனைப்பு. மணிக்கணக்கில் வாசித்தால் பின் விளிம்பு விலாவில் குத்தும், மேல் விளிம்பு முன்கையில் பதியும். ரெக்ஸ் கேலியன், பில் கார்சன் என்ற இரண்டு கிட்டார் கலைஞர்களும் இதைச் சொல்லி லியோ ஃபெண்டரை நச்சரித்தார்கள். லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். தெரியாததாலேயே வாசிப்பவர்கள் சொன்னதற்குக் காதுகொடுத்தார் என்பது என் எண்ணம். 1953-இல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த ஃப்ரெடி டவாரெஸ், தானே ஒரு ஸ்டீல் கிட்டார் கலைஞர், உருவத்தைத் தாளில் வரைந்தார். பின்பக்கம் வயிறு படும் இடத்தில் ஒரு பள்ளம், முன்பக்கம் முன்கை படும் இடத்தில் ஒரு சரிவு, விளிம்பு முழுக்க அரை அங்குல உருட்டு. உடம்பில் குத்தாத கிட்டார் பிறந்தது.

கொம்புகளுக்கும் வேலை இருக்கிறது. கீழ்க் கொம்பைச் சுற்றியுள்ள வெட்டு, கை உயர்ந்த ஃப்ரெட்களுக்கு, அதாவது கழுத்துப் பகுதியான நெக்கில் பதித்த உலோகக் கோடுகளில் உடம்பை ஒட்டியவற்றுக்கு, போக வழி விடுகிறது. மேல் கொம்பு நீண்டிருப்பது தோளில் மாட்டும் பட்டையான ஸ்ட்ராப்புக்காக. ஸ்ட்ராப் மாட்டும் பொத்தான் ஏறக்குறைய 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேராக வந்துவிடுவதால், கையை எடுத்தாலும் நெக் தரையை நோக்கிச் சாயாது. இந்தத் தந்திரம் ஸ்ட்ராட்டுக்கு முன்பே, 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் இருந்தது. பேஸ் கிட்டாரின் நீண்ட, கனமான நெக்கைத் தாங்கப் பிடிக்கத்தான் கொம்பை முதலில் இழுத்து நீட்டினார்கள்.

இந்த மூன்றையும், அதாவது குத்தாத விளிம்பு, கைக்கு வழி, சாயாத நெக், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் என்ன மாற்றினார்கள் என்று பார்க்கும்போதெல்லாம் இந்த மூன்றில்தான் வந்து நிற்போம்.

ஃபெண்டராவது அதை மாற்றாமல் வைத்திருந்ததா?

எங்கே! 1965-இல் லியோ தன் நிறுவனத்தை 1.3 கோடி டாலருக்கு அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸிடம் விற்றார். அதே ஆண்டின் கடைசியில் ஹெட்ஸ்டாக், அதாவது சுருதி சேர்க்கும் சாவிகள் இருக்கும் தலைப்பகுதி, பெருத்துவிட்டது. 1970-களில் பாடியின், அதாவது உடம்பின், பள்ளங்கள் ஆழம் குறைந்தன, மரம் கனத்தது. 1971-இல் நெக்கைப் பிடித்திருந்த நான்கு திருகு மூன்றானது. அந்தக் காலத்து ஸ்ட்ராட் ஒன்றையும் 1950-களின் ஸ்ட்ராட் ஒன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மடியில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வெளிக்கோடு அதேதான், ஆனால் உடம்போடு ஒட்டுவதில்லை. 1985-இல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் நிறுவனத்தை சிபிஎஸ்ஸிடமிருந்து வாங்கிய பிறகுதான் பழைய செதுக்கலின் மதிப்பு மீண்டும் முழுதாக உணரப்பட்டது.

ஆக, 'அசல்' என்று ஒரே ஒரு வடிவம் கிடையாது. யாராவது ஸ்ட்ராட்டை அப்படியே எடுத்தேன் என்றால், எந்த ஆண்டின் ஸ்ட்ராட் என்று கேளுங்கள்.

நகலுக்கும் மறு ஆக்கத்துக்கும் கோடு எங்கே?

என் கணக்கு இதுதான்: வெளிக்கோட்டை மட்டும் பார்த்தவர் நகலெடுக்கிறார், அந்தக் கோடு ஏன் அங்கே வளைகிறது என்று கேட்டவர் மறு ஆக்கம் செய்கிறார். இரண்டிலும் நல்லது கெட்டது உண்டு. ஒரு நல்ல நகல், அரைகுறைப் புதுமையைவிட எத்தனையோ மேல்.

என்னிடம் ஒரு காலத்தில் ஒரு கிட்டார் இருந்தது. பார்க்க ஸ்ட்ராட்டின் தம்பி மாதிரி, கொஞ்சம் துடிப்பாக இருக்கும். மேல் கொம்பை அழகுக்காக இரண்டு விரல் அகலம் குட்டையாக்கியிருந்தார்கள். வாங்கிய அன்று அது கண்ணில் படவில்லை. நின்று வாசிக்கத் தொடங்கிய அன்று பட்டது. இடது கையை எடுத்தால் நெக் கீழே போகும், அதனால் இடது கை வாசிப்பதோடு தாங்கவும் வேண்டியதாயிற்று. அந்தக் கொம்பு ஏன் நீளம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

முதலில் மாற்றிப் பார்த்தவர்கள் யார்?

இங்கிலாந்தில் ஜிம் பர்ன்ஸ். 1960-களின் தொடக்கத்தில் வந்த அவருடைய பைசனின் கொம்புகள் பெயருக்கேற்றபடி உள்நோக்கி வளைந்து, மாட்டுக் கொம்பாகவே இருந்தன. 1964-இல் தி ஷேடோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஹேங்க் மார்வினுக்காக ஒரு மாடல் செய்தார். மார்வின் அதுவரை வாசித்ததே ஸ்ட்ராட்தான்; அதனால் அது ஸ்ட்ராட்டுக்கு நெருங்கிய உறவாக, ஹெட்ஸ்டாக்கில் மட்டும் வயலின் போலச் சுருளோடு வந்தது. நாடக பாணி என்றாலும் எனக்குப் பிடிக்கும்.

ஜப்பான் நகல்களை ஏன் இவ்வளவு மெச்சுகிறார்கள்?

1970-களின் கடைசியில் டோக்காய், கிரெக்கோ, ஃபெர்னாண்டஸ் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் ஸ்ட்ராட்டைச் செய்த விதம் அப்படி. அவர்கள் எடுத்துக்கொண்டது அப்போது கலிஃபோர்னியாவில் வந்துகொண்டிருந்த கனத்த ஸ்ட்ராட்டை விட்டுவிட்டு, 1950, 60-களின் ஸ்ட்ராட்டை. பள்ளத்தின் ஆழம், விளிம்பின் உருட்டு, நெக்கின் வளைவு என்று ஒவ்வொன்றையும் அளந்து செய்தார்கள். விளைவு வேடிக்கையானது: அசல் நிறுவனம் விற்ற அசலைவிட, அந்நியர் செய்த நகல் பழைய அசலுக்கு நெருக்கமாக இருந்தது.

ஃபெண்டர் செய்தது புத்திசாலித்தனம். 1982-இல் ஜப்பானில் கூட்டு நிறுவனமாக ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கி, ஃபுஜிஜென் தொழிற்சாலையிலேயே தன் கிட்டார்களைச் செய்யக் கொடுத்தது. ஜேவி என்று தொடங்கும் வரிசை எண்ணுள்ள, ஃபெண்டரின் துணைப் பெயரான ஸ்க்வயரில் வந்த கிட்டார்களை இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள் அல்லவா, அவை அங்கிருந்து வந்தவை. இந்தக் காலகட்டத்துக்கு மறு ஆக்கம் என்ற சொல் பொருந்தாது என்பார்கள். எனக்கென்னவோ, மறந்துபோனதை நினைவூட்டுவதும் ஒரு மறு ஆக்கமாகத்தான் தோன்றுகிறது.

சூப்பர்ஸ்ட்ராட் என்றால் என்ன?

ஸ்ட்ராட்டின் உடம்பு, போட்டி நிறுவனமான கிப்சனின் குரல், தந்திகளைப் பூட்டி வைக்கும் ட்ரெமோலோ (வாசிக்கும்போதே சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடி). இதைத் தொடங்கிவைத்தவர் ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி பிக்கப்; அதில் இரட்டைச் சுருள் உள்ளது ஹம்பக்கர். அவருக்கு கிப்சன் ஹம்பக்கரின் தடித்த ஒலி வேண்டும். ஸ்ட்ராட்டின் ட்ரெமோலோவும் வேண்டும். இரண்டும் ஒரே கிட்டாரில் கடையில் கிடைக்காத காலம். குறையுள்ளதென்று ஒதுக்கிய ஆஷ் மர பாடி ஒன்றை 50 டாலருக்கும், நெக் ஒன்றை 80 டாலருக்கும் வாங்கினார். தந்திகள் பாடியில் ஊன்றும் இடமான பிரிட்ஜ் பக்கம் மரத்தைக் குடைந்து, தன் பழைய கிப்சனிலிருந்து கழற்றிய ஹம்பக்கரை உள்ளே வைத்தார். கிப்சனின் தந்தி இடைவெளி ஃபெண்டரைவிடக் குறைவு என்பதால் பிக்கப்பைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. மேலே டேப் ஒட்டி, பெயின்ட் அடித்து, டேப்பை உரித்தால் வரும் கோடுகள்தான் எல்லோருக்கும் நினைவிருப்பது. ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயர் அதற்குச் சரியாகத்தான் பொருந்தியது.

கிரேமர் நிறுவனத்தின் பரெட்டா அதைப் பின்பற்றியது. முழுக் கிட்டாருக்கும் ஒரே ஒரு சாய்ந்த ஹம்பக்கர். சார்வெல் பட்டறையை 1978-இல் வாங்கிய குரோவர் ஜாக்சன் இன்னும் ஒரு படி போனார். அவருடைய ஜாக்சன் சோலோயிஸ்டில் நெக் மரம் பாடிக்குள் கடைசிவரை ஓடுகிறது, இரு பக்கமும் இறக்கைகள் ஒட்டப்படுகின்றன. கொம்புகள் மெலிந்து கூரானதற்கு அலங்காரம் மட்டும் காரணமில்லை. நெக்கையும் பாடியையும் சேர்க்கும் கட்டை மறைந்துவிட்டதால், அந்த இடத்தில் மரத்தை இன்னும் வெட்டி எடுக்க முடிந்தது.

இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஃபெண்டர் 1988-இல் எச்எம் ஸ்ட்ராட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 24 ஃப்ரெட், ஹம்பக்கர், பூட்டும் ட்ரெமோலோ. தன் மகனின் சட்டையைத் தகப்பன் போட்டுப் பார்த்த மாதிரி. சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். இன்று அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

24 ஃப்ரெட் வைத்தால் பாடி ஏன் மாற வேண்டும்?

கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும். ஸ்ட்ராட்டின் தந்தி நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். பழைய ஸ்ட்ராட்டின் கடைசியான 21-ஆவது ஃப்ரெட், பிரிட்ஜிலிருந்து ஏறக்குறைய 193 மி.மீ. தூரத்தில் வரும். 24-ஆவது ஃப்ரெட் வைத்தால் அது 162 மி.மீ.-இல் வரும். ஸ்ட்ராட்டின் நெக் பிக்கப் உட்கார்ந்திருப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

ஒரே இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஃப்ரெட் ஜெயித்தால் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் நகர வேண்டும். நகர்ந்தால் அந்த உருண்டையான, மணிபோன்ற ஒலி கொஞ்சம் கூர்மையாகிவிடும். கூடவே, கை அந்த ஃப்ரெட்டைத் தொடக் கீழ்க் கொம்பின் வெட்டு இன்னும் ஆழமாக வேண்டும். ஆழமானால் நெக் பாடியைப் பிடித்திருக்கும் பரப்பு குறையும். இப்படி ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டே போகும்.

24-ஆவது ஃப்ரெட்டுக்கு நேரே பிக்கப் இருப்பதால்தான் ஸ்ட்ராட்டுக்கு அந்த ஒலி, அங்கே தந்தியை லேசாகத் தொட்டால் மணிபோல் ஒலிக்கும் ஹார்மோனிக் புள்ளி இருக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. திறந்த தந்திக்கு அது சரி. ஒரு ஃப்ரெட்டை அழுத்திய உடனே அந்தப் புள்ளி வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. பிக்கப் பிரிட்ஜிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் விஷயம்.

ஐபனீஸ் ஆர்ஜி இந்தக் குடும்பத்தில் எங்கே வருகிறது?

1987-இல் ஜப்பானிய நிறுவனமான ஐபனீஸ், கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாயோடு சேர்ந்து ஜெம் என்ற மாடலைச் செய்தது. பாடியில் கைப்பிடி மாதிரி ஒரு ஓட்டை, ட்ரெமோலோவுக்குப் பின்னால் நகக் கீறல் போன்ற பள்ளங்கள். இந்தப் பள்ளங்கள் வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. ட்ரெமோலோ கையை மேலே இழுக்க அங்கே இடம் வேண்டும். அதிலிருந்து விளையாட்டுச் சாமான்களைக் கழித்து வந்தது ஆர்ஜி. பாஸ்வுட் பாடி, 24 ஃப்ரெட், முதல் ஃப்ரெட் அருகே சுமார் 17 மி.மீ. மட்டுமே தடிமனுள்ள நெக். பழைய ஸ்ட்ராட் நெக் பிடித்துப் பழகியவருக்கு அது அளவுகோலைப் பிடித்த மாதிரி இருக்கும்.

அதே காலத்தில் வந்த ஐபனீஸ் எஸ் வரிசை எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. ஸ்ட்ராட்டின் வெளிக்கோட்டைக் கிட்டத்தட்ட வைத்துக்கொண்டு, தடிமனை மாற்றினார்கள். நடுவில் பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் தேவையான அளவு மரம். விளிம்புக்குப் போகப் போக விமான இறக்கை போல மெலிந்துவிடும். விளிம்பை உருட்டலாம் என்று லியோ நினைத்தார். இவர்கள் விளிம்பே வேண்டாம் என்று நினைத்தார்கள்.

லியோ ஃபெண்டர் அதன் பிறகு ஸ்ட்ராட் பக்கமே வரவில்லையா?

வராமல் என்ன. தன் கிட்டாரைத் திரும்பத் திரும்பத் திருத்தியவர்களில் முதல் ஆள் அவர்தான். நிறுவனத்தை விற்றபோது பத்தாண்டுகள் போட்டிக்கு வரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் மியூசிக் மேன் நிறுவனம், அப்புறம் பழைய சகா ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு ஜி அண்ட் எல் நிறுவனம். ஜி அண்ட் எல்லின் எஸ்-500 என்ற மாடலைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்ட்ராட். பக்கத்தில் போனால் பிக்கப்பின் காந்தம் வேறு, ட்ரெமோலோ ஆறு திருகுக்குப் பதில் இரண்டு முளைகளில் ஆடுகிறது. வெளிக்கோட்டைப் பெரிதாகத் தொடவில்லை. அது சரியாக வந்துவிட்டது என்று நினைத்திருப்பார் போல. 1991-இல் இறக்கும்வரை பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

பிஆர்எஸ் சில்வர் ஸ்கை வெறும் ஸ்ட்ராட்தானே?

2018-இல் அது வெளிவந்த அன்று இணையம் முழுக்க இந்தக் கேலிதான். பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜான் மேயர் பல ஆண்டுகள் ஸ்ட்ராட் வாசித்தவர். ஃபெண்டரை விட்டு வந்து, பிஆர்எஸ் நிறுவனர் பால் ரீட் ஸ்மித்தோடு சேர்ந்து, 1963, 64-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்களை முன்வைத்து ஒரு கிட்டாரைச் செய்தார். 25.5 அங்குலத் தந்தி நீளம், பிக்கார்டில் (முன்பக்கத் தகடு) மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்), பழைய ஸ்ட்ராட்டின் அதே 7.25 அங்குல ஃப்ரெட்போர்டு வளைவு. இதைக் கேட்டால் நகல் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு இடத்தில் பிஆர்எஸ்ஸின் கை தெரியும். ஒன்று கீழ்க் கொம்பு. ஸ்ட்ராட்டில் அது விளிம்பு உருட்டப்பட்ட பலகை. சில்வர் ஸ்கையில் உட்பக்கம் ஸ்பூனால் அள்ளிய மாதிரி ஒரு குழிவு இருக்கிறது, விரல் அதில் சறுக்கிக்கொண்டு உள்ளே போகும். பிஆர்எஸ் தன் மற்ற கிட்டார்களிலும் செய்யும் வேலை அது. இன்னொன்று ஹெட்ஸ்டாக். பிஆர்எஸ்ஸின் வழக்கமான பக்கத்துக்கு மூன்று சாவி வைத்த தலையை அப்படியே கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். முதலில் பார்த்தபோது எனக்கு ஏதோ தப்பாக மாட்டியது போலிருந்தது. இப்போது பழகிவிட்டது.

பிஆர்எஸ் 1985-இல் தொடங்கியபோதே ஸ்ட்ராட்டோடு பேசிக்கொண்டுதான் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அவர்களின் முதல் கிட்டாரான கஸ்டமின் தந்தி நீளம் 25 அங்குலம்: ஃபெண்டரின் 25.5-க்கும் கிப்சனின் 24.75-க்கும் நடுவில். உடம்பும் அப்படித்தான், ஸ்ட்ராட்டின் கொம்புகளையும் கிப்சன் லெஸ் பால் ஜூனியரின் இரட்டை வெட்டையும் கலந்த உருவம். முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

விலை அதிகமான சிறு பட்டறைகள் என்னதான் மாற்றுகின்றன?

பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாததை. டாம் ஆண்டர்சனின் டிராப் டாப் நல்ல எடுத்துக்காட்டு. மேலே அழகான மேப்பிள் பலகை ஒட்ட வேண்டும், ஆனால் முன்கைச் சரிவும் வேண்டும். சரிவைச் செதுக்கினால் மேல் பலகை வெட்டுப்பட்டு அடி மரம் தெரிந்துவிடும். ஆண்டர்சன் பலகையைச் சரிவின் மேல் வளைத்தே ஒட்டிவிட்டார். அழகும் போகவில்லை, கையும் வலிக்கவில்லை. ஜான் சர் செய்யும் கிட்டார்களைப் பார்த்தால் எல்லாம் ஸ்ட்ராட்டாகத்தான் தெரியும். நெக்கும் பாடியும் சேரும் கட்டையின் மூலையை எவ்வளவு மழித்திருக்கிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கும். பழைய ஸ்ட்ராட்டில் அந்த இடம் சதுரக் கட்டை, உள்ளங்கையில் இடிக்கும். கடைசியில் ஃபெண்டரும் இறங்கி வந்தது. 2019-இல் வந்த அமெரிக்கன் அல்ட்ரா போன்ற வரிசைகளில் அந்த மூலை மழிக்கப்பட்டே வந்தது.

தலையே இல்லாத கிட்டார்களையும் ஸ்ட்ராட் குடும்பம் என்று சொல்லலாமா?

ஸ்வீடனின் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் செய்யும் போடனைப் பார்த்து ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார். சொல்லலாம், கொஞ்சம் தூரத்து உறவு என்று. இரட்டைக் கொம்பும் உடலோடு ஒட்டும் பள்ளங்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் ஹெட்ஸ்டாக் போனதும் கணக்கு மாறிவிடுகிறது. நெக் முனையில் எடை இல்லையென்றால் அதைச் சமன் செய்ய நீண்ட கொம்போ பெரிய உடம்போ தேவையில்லை. பாடி சுருங்குகிறது, சாவிகள் பிரிட்ஜுக்கு வருகின்றன. மேல் கொம்பு எதற்காக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இத்தனை பேர் செய்கிறார்களே, சட்டம் ஒன்றும் சொல்லாதா?

நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நடந்தது இது: ஸ்ட்ராட், டெலிகாஸ்டர், பிரிசிஷன் பேஸ் மூன்றின் உடல் வடிவத்தையும் டிரேட்மார்க்காகப் பதிய 2003-இல் ஃபெண்டர் விண்ணப்பித்தது. ஸ்டூவர்ட் ஸ்பெக்டரின் நிறுவனம் உட்பட 17 தரப்புகள் எதிர்த்தன. 2009 மார்ச்சில் டிரேட்மார்க் வாரியம் ஃபெண்டருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பல பத்தாண்டுகளாக எல்லோரும் இதே வடிவத்தைச் செய்து விற்றபோது பேசாமல் இருந்துவிட்டு, இப்போது இதைப் பார்த்தாலே மக்களுக்கு ஃபெண்டர் ஒன்றுதான் நினைவுக்கு வரும் என்று சொன்னால் எடுபடாது என்பது அதன் சாரம். வடிவம் பொதுச்சொத்தாகிவிட்டது.

மற்ற வடிவங்களுக்கும் இந்தச் சண்டை உண்டு. ஒற்றை வெட்டுள்ள பிஆர்எஸ் கிட்டாரை எதிர்த்து கிப்சன் போட்ட வழக்கு 2005-இல் மேல்முறையீட்டில் தோற்றது. ஃப்ளையிங் வி வடிவத்துக்கு கிப்சன் வைத்திருந்த ஐரோப்பிய ஒன்றிய டிரேட்மார்க், அந்த ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தில் 2019-இல் நிலைக்கவில்லை.

அப்படியானால் ஹெட்ஸ்டாக் மட்டும் ஏன் ஆளுக்கு ஒன்று?

அது ஃபெண்டரின் டிரேட்மார்க். ஸ்ட்ராட், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற பெயர்களும் அப்படியே. உடம்பு ஊருக்குப் பொது, முகம் அவரவருக்கு. உரிமம் வாங்கி அதே தலையோடு நெக் செய்து விற்கும் வார்மாத் போன்ற நிறுவனங்கள் உண்டு. மற்றவர்கள் ஜாக்சன் மாதிரி கூராக்குகிறார்கள், மியூசிக் மேன் மாதிரி நாலும் இரண்டுமாகச் சாவியைப் பிரிக்கிறார்கள். அழகான பாடி செய்துவிட்டுத் தலையில் சொதப்பியவர்கள் ஏராளம்; ஒரு முனையில் சட்டம் நெருக்கும்போது கற்பனை வற்றிவிடுகிறது போலும்.

வடிவம் மாறினால் ஒலி மாறுமா?

வெளிக்கோட்டால் மிகக் குறைவு. கூரான கொம்புக்குக் கூரான ஒலி என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பிக்கப் வகை, அது இருக்கும் இடம், தந்தி நீளம், பிரிட்ஜ் இவைதான் ஒலியைத் தீர்மானிக்கும் பெரிய கைகள். ஆனால் வடிவத்தை மாற்றும்போது இவையும் நகர்ந்துவிடுகின்றன என்பதை 24 ஃப்ரெட் விஷயத்தில் பார்த்தோம்.

இதற்கு இடக்கைக்காரரான ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் நல்ல உதாரணம். வலக்கைக்காரருக்கான ஸ்ட்ராட்டைக் கவிழ்த்து, தந்தியை மாற்றிக் கட்டி வாசித்தார். பிரிட்ஜ் பிக்கப் சாய்வாக இருக்கும் அல்லவா, அந்தச் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. வழக்கமாக மெல்லிய தந்திகளின் பக்கம் பிரிட்ஜை நெருங்கியிருக்கும். அவரிடம் தடித்த தந்திகளின் பக்கம் நெருங்கியது. தடித்த தந்தி இறுக்கமாகவும் மெல்லிய தந்தி கொஞ்சம் இளகியும் ஒலித்தன. கூடவே நீண்ட கொம்பு கீழே வந்து, உயர்ந்த ஃப்ரெட்களுக்குப் போகும் வழியை மறித்தது. அதோடுதான் அவர் அத்தனையும் வாசித்தார் என்பதை நினைத்தால், நாம் கொம்பைப் பற்றிப் புலம்புவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் நெக்கை இன்னொன்றின் பாடியில் மாட்டலாமா?

ஃபெண்டர் அளவை அப்படியே பின்பற்றியவர்களுக்குள் பெரும்பாலும் மாட்டலாம். நெக் உட்காரும் குழியின் அகலம் சுமார் 56 மி.மீ., ஆழம் சுமார் 16 மி.மீ. இருக்க வேண்டும். குழியின் பின் முனை சதுரமா வளைவா, திருகுத் துளைகள் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பாருங்கள். 24 ஃப்ரெட்டுக்காகச் செய்த பாடிகளை இந்த ஆசைக்கு இழுக்க வேண்டாம். பிரிட்ஜ் இருக்கும் தூரம் ஒத்துவராமல் சுருதியே சேராது.

புதிதாக ஒன்றை எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

ஆம்ப்பில் செருகும் முன் ஸ்ட்ராப் மாட்டி நில்லுங்கள். இரண்டு கையையும் எடுங்கள். நெக் தானாகச் சாய்கிறதா? பின்பக்கப் பள்ளம் உங்கள் விலாவில் உட்காருகிறதா, அல்லது படத்துக்கு மட்டும் செதுக்கியிருக்கிறார்களா? முன்கையை அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எந்தக் கிட்டாரும் சுகமாகத்தான் இருக்கும். கடைசி ஃப்ரெட்டுக்குக் கட்டைவிரல் நெக்கின் பின்னால் இருக்கும்போதே போக முடிகிறதா, இல்லை மணிக்கட்டை முறுக்க வேண்டியிருக்கிறதா?

அப்புறம் வால்யூம் பித்தான். பழைய ஸ்ட்ராட்டில் அது பிரிட்ஜ் பிக்கப்பை ஒட்டியே இருக்கும். வாசித்துக்கொண்டே சுண்டுவிரலால் ஒலியை ஏற்றி இறக்குபவர்களுக்கு அது வரம், வேகமாகத் தந்தியை அடிப்பவர்களுக்குத் தொல்லை. அதனால் சூப்பர்ஸ்ட்ராட் செய்பவர்கள் பலர் அதைப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். உங்கள் சுண்டுவிரல் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.